சுண்டு விரல் நுழையும் இடம்

வாட்ச் செயினின் லாக் ஒரு படி உள்ளே போயிருந்தது.

குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து டீ குடித்துக்கொண்டிருந்த மோகன்ராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். காலையில் கட்டும்போது கடைசிப் படி வரை தளர்த்தித்தான் கட்டியிருந்தான். மே மாதத்து வெயிலில் மத்தியானத்துக்கு மேல் கை உப்பும், செயினுக்கு இடம் விட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன. பதினோரு வருஷமாக அவன் பிழைப்பே அதுதான். லட்சக்கணக்கில் விலைபோகும் வாட்சுகளின் செயினிலிருந்து, வாங்குகிறவர் கைக்குத் தகுந்தபடி லிங்க் என்கிற கண்ணிகளைக் கழற்றி அளவு வைத்துக் கொடுப்பவன்.

தூக்கத்தில் தானே அழுத்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அப்படி அழுத்த முடியாது. படியை மாற்றுகிற பொத்தான் லாக்கின் உள்பக்கம், தோலை ஒட்டி இருக்கிறது. வாட்ச் கையில் இருக்கும்போது அதைத் தொட வேண்டுமானால் செயினுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்.

அவன் அந்த டீயை முடிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பழைய வாட்சாக வாங்கியது அது. செயினில் மூன்று லிங்க் குறைச்சல், அதனால்தான் சல்லிசாகக் கிடைத்தது. அதே மாதம் அதே மாடலை யக்ஞநாராயணன் என்ற ரிட்டையர்டு பேங்க் மேனேஜருக்கு அளவு வைத்தபோது சரியாக மூன்று லிங்க் மிஞ்சியது. மிஞ்சியதைச் சின்ன கவரில் போட்டு வாங்கியவரிடமே கொடுக்க வேண்டும். மனுஷன் உடம்பு எப்போதும் ஒரே அளவில் இருக்காது என்பதற்காகத்தான் அந்தக் கவர். மோகன்ராஜ் பெட்டியை மட்டும் கொடுத்தான்; அந்த மூன்று லிங்கும் அவன் வாட்சில் ஏறின.

"சுண்டு விரல் நுழையுதா பாருங்க சார். நுழைஞ்சா கரெக்ட் ஃபிட்டிங்."

அவர் நுழைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மகள் தன் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த வாட்ச், ஆயுசுக்கும் கழற்றப் போவதில்லை என்றார்.

சென்ற மாதம் வீங்கிய கையில் தைலம் மணக்கத் திரும்பி வந்தார். "ஹார்ட் வீக்கா இருக்காம். உடம்புல நீர் கோத்துக்கறது. அந்த லிங்கைச் சேர்த்துக் குடேம்பா."

"அன்னைக்கே குடுத்துட்டேனே சார். வீட்ல தேடிப் பாருங்க," என்றான் மோகன்ராஜ், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

நேற்று அவருடைய மகள் சின்மயி கடைக்கு வந்திருந்தாள். மேஜைமேல் துண்டான செயினை வைத்தாள்.

"அப்பா போன வாரம் தவறிட்டார். ஹாஸ்பிடல்ல கட்டர் வச்சு வெட்டித்தான் இதை எடுத்தா. கடைசி வரைக்கும் சுண்டு விரலை இதுக்குள்ள விட்டுப் பார்த்துண்டே இருந்தார். நுழையலையேம்மா, நுழையலையேம்மான்னு. நினைவு தப்பினப்புறமும் அந்த விரல் மட்டும் தேடிண்டே இருந்தது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த லிங்க் வீட்ல எங்கயும் இல்லண்ணா. குடுத்தது ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு மேடம்."

இரண்டாவது தடவை பொய் சொல்வது அவனுக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

டிக்.

மோகன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஃபேன் சுற்றும் சத்தம், தாம்பரம் பக்கம் போகிற மின்சார ரயில் ஜன்னல் கம்பிகளை நடுங்க வைக்கும் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர், எல்லாவற்றுக்கும் கீழே அவன் மணிக்கட்டிலிருந்து வந்த அந்தச் சின்னச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. இரண்டாவது படி. லாக்கைத் திறக்கப் பார்த்தான். பக்கவாட்டுப் பொத்தான்கள் அசையவில்லை. எங்கிருந்தோ தைல வாசனையும், அதற்குள் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனையும் வந்தன. அவன் வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை.

பெருங்களத்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவிக்குப் போன் செய்தான்.

"சோப்பு போட்டுப் பாருங்க," என்றாள் கனகவல்லி. "வளையல் மாட்டிக்கினா நாங்க அதானே பண்றோம். இதுக்கா இப்படி மூச்சு வாங்குறீங்க?"

பாத்ரூம் வாஷ்பேசின் முன் நின்று நுரை வரத் தேய்த்தான். டிக். கை சிவந்தது. இழுத்தான். டிக். விரல்கள் தடித்து, மோதிரம் சதைக்குள் புதைந்தது. ஐந்து படிதான், அதற்கு மேல் லாக்கில் இடமே கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

டிக். ஐந்து.

கரண்ட் போனது.

ஜன்னல் இல்லாத பாத்ரூம். ஒன்றும் தெரியவில்லை. குழாய் சொட்டியது. தைல வாசனை காதருகே நின்றது.

"சார்," என்றான் இருட்டில். "லிங்க் என்கிட்டதான் கீது சார். நான்தான் எடுத்துக்கினேன். நாளைக்கே உங்க பொண்ணு கையில குடுத்துடறேன். விட்டுடுங்க சார்."

வலது கையால் செயினைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு செயின் தளர்ந்தது. ஒரு படி. இன்னொரு படி. ஐந்தும். ரத்தம் விரல்களுக்குள் சுருசுருவென்று இறங்கியது. மோகன்ராஜ் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே வாட்சைக் கழற்ற வலது கையைக் கொண்டுபோனான்.

அதற்குள் சில்லென்று ஒன்று செயினுக்கடியில் நுழைந்தது. மெதுவாக. அளவு பார்ப்பது போல.

"நுழையறதேப்பா."

டிக்.

டிக். டிக்.

டிக். டிக்.

ஐந்து. அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை.

டிக்.

கரண்ட் வந்தது. கண்ணாடியில் அவன் ஒருவன்தான் நின்றிருந்தான். குனிந்து கையைப் பார்த்தான். சோப்பு நுரைக்குள் செயின் சதையை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. அவனுடைய ஐந்து விரல்களும் நீலம் பாரித்து அசையாமல் கிடந்தன. செயினுக்கும் தோலுக்கும் நடுவே ஆறாவதாக ஒரு சுண்டு விரல், நரை முடியோடு, நகம் கறுத்து, இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று தேடி அசைந்துகொண்டிருந்தது.