மின்கலத்தின் மூச்சு

ஹைட்ரஜன் உருளையின் அளவுகாட்டி முள் பூஜ்யத்தில் நின்றிருந்தது. ஆனாலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாய் முனையில் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஈடுனின் காபிக் குவளை நிறைந்துகொண்டிருந்தது.

முள்தான் கெட்டுப்போயிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சூரியன் தலைகாட்டாத ஜனவரி மதியம். வெளியே பனிப்புயல் சுவரைப் பிறாண்டியது. மின்கம்பி அறுந்ததிலிருந்து, இந்த மலையுச்சி வானொலிக் கோபுரம் மூலையிலிருந்த எரிபொருள் மின்கலத்தை நம்பித்தான் நின்றது. உருளையிலிருந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்து ஆக்ஸிஜன். இரண்டும் அந்தப் பெட்டிக்குள் கூடினால் மின்சாரம். புகை கிடையாது, மிஞ்சுவது வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீர். அதில் காபி போட்டுக் குடிப்பது கோபுரத்து ஆட்களின் பழக்கம். கடைசியாகக் குடித்த காபி மட்டும் லேசாக உப்புக் கரித்தது.

வானொலி கரகரத்தது.

"ஈடுன்! இருக்கியா, இல்ல குறட்டை விடுறியா?" கடலில் மீன்பிடிப் படகிலிருந்து அவள் கணவன் தோர்கில்.

"உன்னக் கரை சேர்க்காம எனக்கு ஏது தூக்கம்? இங்க ரேடார்ல உன் படகு தெரியுது, கொஞ்சம் இடது பக்கம் திருப்பு. பாறை கிட்ட வந்துட்ட."

"இங்க திரையெல்லாம் செத்துப்போச்சுடி. உன் குரல வச்சுத்தான் வர்றேன். நிறுத்திடாத."

அப்போதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. எப்போதும் ஈ மாதிரி ரீங்கரிக்கும் மின்கலத்தின் விசிறி ஓய்ந்திருக்க, பெட்டியின் தகரத்துக்குப் பின்னாலிருந்து, ஈரத்துணி வாடையோடு, நெஞ்சு நிறைய இழுத்து மெல்ல விடுகிற ஒரு மூச்சு வந்தது. காது கொடுத்துக் கேட்கத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு மங்கியது.

"ஈடுன்? குரல் போகுது! ஈடுன்!"

பதறிப்போய் மூச்சை விட்டாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

மறுபடி பிடித்தாள். மங்கியது. விட்டாள். எரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம். ஓடினால் தோர்கில் பாறையில் மோதுவான். உட்கார்ந்தாள். மூச்சு விட்டாள். இடது. இன்னும் இடது. நேராக வா. மார்பு வலித்தது. குவளை வழிந்தது. கை விறைத்தது. நேராக. நேராக வா.

பிறகு வலி நின்றுவிட்டது.

"கட்டிட்டேன்! படகக் கட்டிட்டேன்டி! பொழச்சேன்!" தோர்கில் சிரித்தான், அழுதான். "போதும் என் தங்கமே, அந்த மின்கலத்த அணைச்சிட்டுக் கொஞ்சம் படு."

அவளுக்கும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சத்தம் வரவில்லை. ஒரு கையைப் பெட்டியின் சுவிட்சில் வைத்து, மறு கையை மூக்கின் முன்னால் பிடித்தாள்.

காற்று இல்லை.

பெட்டிதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இழுத்தது. விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் மார்பு ஏறி இறங்கியது.

விளக்கு பிரகாசமாக எரிந்தது. சுவிட்சின் மேல் விரல்.

"ஈடுன்? அணைச்சிட்டியா?"