லாத்தா வீட்டு வழி

தொட்டில் அறைக் கேமரா தானாகவே கழுத்தைத் திருப்பியது.

கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினித் திரையில் அதைக் கண்ட கமர் நிஷா, ஜன்னல்களையெல்லாம் அடைக்கவைத்த காரைக்கால் மழையின் ஓயாத இரைச்சலும், சுவரில் ஊறிய உப்பு ஈரத்தின் வாசமும், பகலிலேயே மூலைகளில் வந்து படிந்துவிட்ட இருட்டும் ஒன்றாய்ச் சேர்ந்து நெஞ்சை அழுத்த, திரையருகே குனிந்தாள். அந்தக் கேமராவைத் திருப்ப அவள் ஒருத்தியால்தான் முடியும். உள்ளே அவள் மகள் ஷிஃபா தூங்குகிறாள். பால்குடி மறக்காத பிள்ளை.

கிளவுட் கணினி வகுப்பில் முதலில் சொல்லித்தந்தது இதுதான்: நெட்வொர்க்கில் வெளியாள் வந்து நிற்க ஒரு முன்பகுதி, வீட்டார் மட்டும் புழங்க ஓர் உள்பகுதி, இரண்டுக்கும் நடுவே காவல். அவள் கேமராவை உள்பகுதியில்தான் வைத்தாள். கூடவே படித்தவள் பக்கத்து வீட்டு சஃபியா, பெரியத்தா மகள்; அக்கா முறை என்பதால் இவளுக்கு லாத்தா. பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு கதவு உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் போட்டால் உறவையே அறுத்த மாதிரி. அந்தப் பழக்கத்தில், வகுப்பில் ஆளுக்கொன்றாய் ஓடவிட்ட கிளவுட் மெசின்களின் நெட்வொர்க்கை இணைத்த கமர் நிஷா, அந்த வழியில் காவலே வைக்கவில்லை.

"லாத்தாவுக்கு எதுக்குடி பூட்டு?" என்று சஃபியாவும் சிரித்தாள்.

ஷிஃபாவை இடுப்பைவிட்டு இறக்காத அந்த சஃபியா, போன நோன்பில் மௌத்தாகி, அடக்கமும் ஆகிவிட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

கேமராவைத் திருப்பும் உத்தரவு எங்கிருந்து வந்தது என்று தேடினாள். சஃபியாவின் நெட்வொர்க் பக்கமிருந்து.

வகுப்பெடுத்த அகஸ்டினைப் போனில் பிடித்தாள்.

"சார், லாத்தா மெசின்லேர்ந்து யாரோ என் கேமராவைத் திருப்புறாங்க. அவங்க லேப்டாப் பீரோவுல கெடக்கு."

"லேப்டாப் கெடந்தா என்னங்க? மெசின் எங்கயோ டேட்டா சென்டர்லல்ல ஓடுது. ஆளே போனாலும் நாம நிறுத்துற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும். காவல் வைங்க, காவல் வைங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். நீங்க சொந்தபந்தம் கொண்டாடுனீங்க. இருங்க, நானே நிறுத்துறேன்."

விசை தட்டும் சத்தம்.

"மேடம்... அத அவங்க போனப்பவே அழிச்சிட்டேனே. இங்க மெசினே இல்லீங்க."

கேமரா இன்னும் குனிந்தது. தொட்டிலை நோக்கி.

"இணைப்பை அறுங்க. இப்பவே!" என்று கத்தினார் அகஸ்டின்.

அறுத்தாள்.

இடைக்கதவு சுவரில் மோதித் திறந்தது. அடக்கம் செய்யும்போது சுற்றும் கஃபன் துணியில் இடுகிற கற்பூர வாசம். கூடத்துத் தரையில் ஈரக் கால்களின் சத்தம். அவளைக் கடந்தது. தொட்டில் அறைக் கதவு அறைந்து மூடிக்கொண்டது.

மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி ஓடினாள். தோளால் இடித்தாள். அசையவில்லை.

"லாத்தா! புள்ளைய விட்டுருங்க லாத்தா!"

திரையைப் பார்த்தாள்.

காலித் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, ஆள் உயரத்தில், அந்தரத்தில், ஷிஃபா தூங்கினாள். பிஞ்சுக் கன்னம் கண்ணுக்குத் தெரியாத தோளில் சாய்ந்து நசுங்கியிருந்தது. முதுகுச் சட்டையில் ஐந்து குழிகள். தட்டிக்கொடுத்தன. மெல்ல. ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிட ஆழமாக.