ஊதாத சங்கு

முதலில் அவர் எண்ணியபோது வாய்க்கால் படித்துறையில் தண்ணீருக்கு மேலே ஒன்பது படிகள் இருந்தன. மனைவி பாலத்தில் நின்று நான்கு படம் எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் எட்டாகியிருந்தது.

முப்பத்து நான்கு வருஷம் அணைகளில் வேலை பார்த்த பொறியாளர் அவர். சாப்பிட உட்கார்ந்தால்கூடத் தம்ளரில் எத்தனை விரற்கடை தண்ணீர் இருக்கிறது என்று பார்க்கிற கண். காலையில் கப்பலில் ஒட்டியிருந்த தாளில், மாலை வரை வாய்க்கால்களில் கடல்நீர் இறங்கும் என்று போட்டிருந்தது. எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே இறங்கித்தான் இருந்தது. பாசிபிடித்த சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரே வாய்க்கால். அந்தக் கரையில் இறங்குகிற தண்ணீர் இந்தக் கரையில் ஏறாது.

ஏறியிருந்தது.

"என்னங்க, ஊர் சுத்த வந்த இடத்துலயும் மட்டம் பாக்கணுமா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. வா, போலாம்."

கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பும். அதற்குள் வாய்க்கால்களே தெருவான அந்த வெளிநாட்டுப் பழைய ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்றுதான் மதியமே இறங்கியிருந்தார்கள். "மூணு தரம் ஊதுவாங்களாம். மூணாவதுக்கு ஏணிய எடுத்துடுவாங்களாம். அதுக்குள்ள போகலன்னா நமக்குச் சங்குதான்," என்று சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சொல் அவருக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

சந்துகள் ஆளை உரசுகிற அகலம்தான் இருந்தன. இரண்டு பக்கமும் காரை உதிர்ந்த சுவர்கள், தலைக்குமேல் வீட்டுக்கு வீடு இழுத்துக் கட்டிய கொடிகளில் பனியில் காயாமல் கனத்துத் தொங்கும் துணிகள், எங்கிருந்தோ ஒரு குழாய் ஒழுகும் சத்தம், அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பிவந்து காலடிக்குப் பின்னால் இன்னொரு காலடிபோல் கேட்பது. அதோடு அந்த வாடை. கடல் வாடை இல்லை. அணையின் அடிமதகைத் திறக்கும்போது பல வருஷச் சேறு கிளம்பிவரும் வாடை. அதை அவர் மூக்கு மறக்காது. உப்புத் தண்ணீர் ஓடும் இந்த ஊரில் அதற்கு என்ன வேலை?

அப்புறம் ஒரு திருப்பத்தில், தொப், தொப் என்று கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாறு பேர் சேர்ந்து துவைக்கிற சத்தம். பெண்கள் பேசும் குரலும். திருப்பத்தைக் கடந்ததும் நின்றுவிட்டது. வெறும் படித்துறை. ஆறு படிகள் மட்டும் மேலே தெரிந்தன.

மனைவி ஒரு காகிதக் கடைக்குள் நுழைந்தாள். அவர் வாசலில் நின்றார். கண்ணாடியில் பனி படர்ந்திருந்ததால் உள்ளே அவள் யாரோடோ தலையாட்டிப் பேசுவது மங்கலாகத்தான் தெரிந்தது. வெளியே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உள்ள ஒருத்தர் பேசினாருங்க. நம்ம பாஷை. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சொட்டச்சொட்ட நனைஞ்சிருக்காரு, பாவம். சார் சௌக்கியமான்னு கேட்டாரு."

"எந்த சார்?"

"உங்களத்தான். சாவி எங்க வச்சீங்கன்னு கேக்கச் சொன்னாரு. அப்புறம் சம்பந்தமே இல்லாம, 'நான் தூங்கலம்மா'ன்னாரு."

அவர் கண்ணாடியைக் கையால் துடைத்து உள்ளே பார்த்தார். கடைக்காரக் கிழவி மட்டும் இருந்தாள். தரையில் குளம்போல் தண்ணீர்.

இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. முந்தின நாள் மைத்துனன் கல்யாணத்துக்குப் போயிருந்தவர், மேலே பெய்த மழை தெரியாமல், விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அணைக்கு வந்தார். தண்ணீர் கரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. அபாயத்துக்கு அலறும் மின்சாரச் சங்கை மூன்று முறை ஊதி, கீழே ஆள் விலக நேரம் கொடுத்து, அப்புறம்தான் மதகைத் தூக்க வேண்டும். சங்கு அறைச் சாவி அவர் பையில் இருந்தது. சங்கு ஊதுகிறவன், எல்லோரும் 'சங்கு' என்றே கூப்பிட்ட ஒல்லி மனிதன், எதிரே கை நீட்டிக்கொண்டு நின்றான். "சாவி சார். கீழ துவைச்சிட்டு இருப்பாங்க சார். என் வீட்டுக்காரியும் அங்கதான் இருக்கா." அணை போனால் தன் வேலை போகும் என்ற ஒரே நினைப்பில் இருந்த அவர், "இரு" என்று சொல்லிவிட்டு மதகைத் தூக்கச் சொன்னார்.

ஆறு பெண்கள் வெள்ளத்தோடு போனார்கள். விசாரணையில், அவன் தூங்கிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். அவன் வாதாடவில்லை. "நீங்களே சொல்லுங்க சார்" என்று மட்டும் சொன்னான். மூன்றாம் மாதம் அதே அணையில் மிதந்தான்.

"ஏங்க," மனைவி நின்றாள். "அந்த அணையில தூங்கிட்டதா ஒருத்தரச் சொல்வீங்களே. அவரு நெஜமாவே தூங்கினாரா?"

சொல்லியிருக்கலாம். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவதற்காக இல்லை, கேட்பதற்காக. அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தூங்கினான். குடிச்சிட்டுத் தூங்கினான். இவன் எவனோ. ஆள் மாறிப் பேசியிருப்பான்."

குடியை இன்றுதான் சேர்த்தார்.

குழாய்ச் சத்தம் நின்றது. அதை அவர் கவனித்தார். பிறகு தன் செருப்புச் சத்தமும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தார். மனைவி திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். தெருவில் போன இருவர் துறைமுகம் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்தன.

அவள் வாய் அசைந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "ஊதிட்டாங்க. காது கிழியுது. உங்களுக்குக் கேக்கல?"

"எது?"

"செவிடன் காதுல ஊதின மாதிரி நிக்கிறீங்களே, வாங்க."

அவள் முன்னால் நடந்தாள். அவர் முழங்கால் வலியோடு பின்னால் போனார். பாலத்தின் உச்சியில் அவளுடைய சிவப்புச் சால்வை தெரிந்தது. நடுவே பனி நகர்ந்து போயிற்று. சால்வை இல்லை. கூப்பிட்டார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. பாலத்தில் ஏறி இறங்கினார். இடது பக்கம் ஒரு சந்து. அதன் வாயில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் வலது பக்கம் ஓடினார்.

சுவர். சுவர். பூட்டிய கதவு. தட்டினார். சத்தம் இல்லாத கதவை எவ்வளவு நேரம் தட்டுவது? திரும்பினார். வந்த வழியில் தண்ணீர் நின்றது. மெதுவாக, அவசரமே இல்லாமல், கல் கல்லாக நனைத்துக்கொண்டு வந்தது. முன்னால் படித்துறை. ஒரே ஒரு படி.

புறாக்கள் மறுபடி எழுந்தன. இரண்டாவது சங்கு.

தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. ஜில்லென்று. அணைத் தண்ணீர்.

"சொல்றேன்," என்றார். "எல்லார்கிட்டயும் சொல்றேன். நீ தூங்கல. சாவி என்கிட்ட இருந்தது." வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

பாலத்தின் மேல் அவன் வந்து நின்றான். அவன் பக்கத்தில் அணையின் சங்கு அறையில் இருந்த அதே சாம்பல் நிறப் பெட்டி. அதில் சிவப்புப் பொத்தான். பொத்தான்மேல் கை வைத்திருந்தான். கோபம் இல்லை முகத்தில். வேலை நேரத்தில் இருக்கிறவனின் முகம். அவரைப் பார்த்தான். பொத்தானை அமுக்கவில்லை.

அப்போது படித்துறையில் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இடுப்பில் துணி மூட்டையோடு ஒவ்வொருத்தியாக, பழகின இடத்தில் உட்காருவதுபோல். ஆறு பேர். ஒருத்தி மட்டும் நகர்ந்து இடம் விட்டாள். நடுவில், ஓர் ஆள் அமரும் அளவு இடம். மெலிந்த ஒருத்தி, மூக்கிலும் காதிலும் மணல் அடைத்திருந்தவள், அவர் மணிக்கட்டைப் பிடித்து அங்கே உட்கார வைத்தாள். உதற முடியவில்லை. ஊறி வெளுத்த விரல்கள் எலும்பு வரை இறுகின. அவர் கோட்டை ஒருத்தி கழற்றினாள். சோப்புப் போட்டாள். கல்லில் அடித்தாள். மற்றவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

வாய்க்காலின் வளைவில் பழுப்பாக ஒன்று எழுந்தது. சுவர் என்றுதான் நினைத்தார். சுவர் நகர்ந்தது. வேரோடு மரங்களைச் சுமந்து, இரண்டு பக்கத்து மாடி ஜன்னல்களின் உயரத்துக்கு, ஓசையே இல்லாமல் வந்தது. அந்த ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. ஒரு வீட்டில் யாரோ திரையை இழுத்து மூடினார்கள். இன்னொன்றில் ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெண்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு, ஆறு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.