நான்காவது அழைப்பு

வீட்டுத் தொலைபேசி இணைப்பைத் துண்டித்து மூன்று மாதமாகிவிட்டது. இருந்தும் அஸர் தொழுதுவிட்டு ஆயிஷா எழுந்தபோது, மேசைக்கடியில் இருந்த நசீரின் பழைய கம்ப்யூட்டருக்குள் மோடம் லைனை எடுப்பதுபோல் ‘டக்’கென்றது.

அழைப்பு வந்தால் எடுத்துப் பேச்சைப் பதிவு செய்யும்படி அதை அமைத்தவர் அவள் கணவர் நசீர்தான். ஊரே விண்டோஸ் வைத்திருக்க, இவருக்கு லினக்ஸ்தான் வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஒரு சவுண்ட் கார்டைச் செருகினார். அன்றிலிருந்து அதற்கும் மோடத்துக்கும் சக்களத்திச் சண்டை. மோடம் இருந்தால் சவுண்ட் கார்டு ஊமை.

ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்து மௌத்தான அன்று அவர் வீட்டுக்கு நான்கு முறை கூப்பிட்டார். தலையணை சரியில்லை, கஞ்சியில் உப்பில்லை என்று மூன்று முறை கேட்டுக்கொண்டாள். நான்காவதைக் கொஞ்சம் கண்ணயரலாமே என்று மோடத்திடம் விட்டுவிட்டாள். அவர் கடைசியாகச் சொன்னது என்னவென்று இன்றுவரை தெரியாது. அந்த வேதனை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

கணவன் போனபின் பிறைக் கணக்கில் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா இன்றோடு முடிகிறது. அதற்குமுன் வேற்று ஆணான ரிப்பேர்க்காரனை வீட்டுக்குள் விட முடியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பிறகு நாளை வரை பொறுக்க அவளால் ஆகவில்லை. சிங்கப்பூரின் மறுகோடி, பூன் லேயில் இருக்கும் மகள் யும்னாவுக்குப் போன் போட்டாள்.

“உம்மா, ரெண்டு கார்டும் கம்ப்யூட்டர் குடுக்குற ஒரே நம்பரப் பிடிச்சிட்டு நிக்குது. மோடத்தக் கழட்டுங்க. வாப்பா பேசுனது கேக்கும் லா.”

“கழட்டினா அப்புறம் போன் எடுக்காதே?”

“லைனே இல்ல, உம்மா. யாரு கூப்பிடப் போறா?”

தெம்பனிஸ் ஒன்பதாவது மாடியின் சன்னலில் மழை அறைந்துகொண்டிருக்க, பெட்டியைத் திறந்ததும் எழுந்த தூசியில் அவர் நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் வாசனை அப்படியே இருக்க, ஆயிஷா திருகாணியைக் கழற்றி மோடம் கார்டை வெளியே உருவினாள். உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் ஒரே ஒரு பதிவு.

நீளம்: நூற்று இருபத்தெட்டு நாள், நாலு மணி நேரம்.

இத்தாவின் ஒவ்வொரு நாளையும் எண்ணியவள் அவள். இன்று நூற்று இருபத்தெட்டு. விநாடிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

தொடக்கத்தை அழுத்தினாள். “புள்ள, எடு. மூச்சு முட்டுது. உன் குரலக் கேட்டா போதும்.”

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, கடைசிக்கு நகர்த்தினாள்.

மழைச் சத்தம். இதே மழை.

“புள்ள, மழ மட்டுந்தான் கேக்குது. இருக்கியா?”

“இருக்கேங்க! இங்கதான் இருக்கேன்!”

மூச்சு. இழுத்து இழுத்து.

“புள்ள, இருக்கியா?”

அவருக்குக் கேட்கவில்லை. அவள் குரல் அவரிடம் போய்ச் சேர மோடம் வேண்டும். அதைச் செருகினால் இந்தக் குரல் நின்றுவிடும்.

“நான் இன்னும் வைக்கல, புள்ள. எடு.”

அவள் உள்ளங்கையில், கழற்றிய கார்டு ‘டக்’கென்றது. மறுபடி. மறுபடி.