துடைப்பத்துக்குப் பின்னால்

எல்மாருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. அப்படி வரக் கூடாது.

கணவாயிலிருந்து இறங்கும் கடைசி ஆள் அவன்தான். காலையிலிருந்து காரும் பஸ்ஸும் மோட்டார் பைக்கும் நுழையாத சாலை. ஏறிய சைக்கிள்கள் எல்லாம் இறங்கிவிட்டன. இருக்கைக்குப் பின்னால் கொடிக்கம்பம்போல ஒரு குச்சித் துடைப்பத்தைக் கட்டியிருந்தான். சைக்கிள் நாளில் அதைக் கட்டியவனுக்குப் பெயரே துடைப்பம்தான். துடைப்பத்துக்கு முன்னால் எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம். பின்னால் ஒருவர்கூட இருக்கக் கூடாது. பாதி மலையில் உள்ள கூரைச் சாலையைத் தாண்டியதும் அவன் வாக்கி டாக்கியில் சொல்வான்: துடைப்பம் தாண்டிருச்சு, பின்னாடி யாரும் இல்ல. அதைக் கேட்ட பிறகே மேலே வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குத் தடுப்பைத் தூக்குவார்கள்.

மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரம் எழுப்பும் அந்தச் சன்னமான கிர்ரென்ற ஓசை, ஒரு வளைவு தள்ளி, லார்ச் மரங்களுக்கிடையே ஏறிவந்துகொண்டிருந்த மூடுபனிக்குள்ளிருந்து, அவன் பிரேக் பிடித்தால் தயங்கி, விட்டால் மறுபடி தொடர்ந்து, கூடவே இறங்கியது. அவன் காலை ஊன்றி நின்றான். அதுவும் நின்றது. சூடான பிரேக் ரப்பரின் நாற்றமும், மதியம் தின்ற, கீரை வைத்துப் பொரித்த துர்த்ரெ அப்பத்தின் எண்ணெய் வாடையும் கையுறையில் இருந்தன. கீழே எங்கோ ஒரு பசுவின் மணி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

“மச்சான், மேல யாராவது விட்டுப்போச்சா?”

கீழ்த் தடுப்பில் இருந்த ஓத்தோ உடனே பதில் சொன்னான். “மேல்தடுப்புல கஸ்பர்கிட்ட கேட்டாச்சு மாப்ள. உச்சியில ஈ காக்கா இல்ல. கழிப்பறைக் கதவக்கூடத் தட்டிப் பாத்துட்டானாம்.”

“பின்னாடி சைக்கிள் சத்தம் கேக்குது.”

கருவிக்குள் ஒரு பஸ்ஸின் ஹார்ன் அலறியது.

“எந்த மாடாவது சைக்கிள் வாங்கியிருக்கும். வா மாப்ள. இங்க பஸ்காரன் ஹார்ன் அடிச்சே என்னக் கொல்றான். உனக்கு வச்ச பார்லி சூப் வேற ஆறுது.”

எல்மாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஓத்தோவும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டான். ஓத்தோ வேரேனாவின் அண்ணன். போன வருஷம் இதே சைக்கிள் நாளில், கூரைச் சாலைக்குள் வேரேனாவின் டயர் பஞ்சரானது. ஒரு தூணின் மறைவில் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்த வருஷத்துத் துடைப்பம் அவளைப் பார்க்காமல் தாண்டிப்போய், பின்னால் யாரும் இல்லை என்று சொன்னான். முதல் கார் வந்தது. எல்மாருக்கும் அவளுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த வருஷம் துடைப்பத்தை எல்மார் கேட்டு வாங்கிக்கொண்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அவன் பெடலில் கால் வைத்தான். பின்னால் ஓசை தொடங்கியது.

கூரைச் சாலை மூடுபனிக்குள் திடீரென்று வாய் திறந்தது. பனிச்சரிவு சாலையை மூடாதிருக்க மலையை ஒட்டிக் கட்டிய நீண்ட சிமெண்ட் கூடம். இடப்பக்கம் பாறைச் சுவர், வலப்பக்கம் தடித்த தூண்கள், தூண்களுக்கு அப்பால் பள்ளம். மனிதன் நடக்க ஓரம் என்று ஒன்று கிடையாது. உள்ளே ஈரச் சிமெண்ட்டும் பழைய டீசல் புகையும் மணத்தன. எல்மார் நடக்கும் வேகத்தில் உருண்டான். ஒவ்வொரு தூணின் பின்னாலும் டார்ச் வெளிச்சத்தை விட்டுப் பார்த்தான். பாட்டில் மூடி, வாழைப்பழத் தோல், தேங்கிய தண்ணீர். ஆள் இல்லை. தன் சக்கரத்தின் எதிரொலியா பின்னால் வருவது என்று பெடலை நிறுத்தாமல் மிதித்துப் பார்த்தான். மிதிக்கும்போது அவன் சக்கரம் ஓசையிடாது.

அந்த ஓசை ஓயவில்லை.

கீழ்வாயிலைத் தாண்டி வெளியே வந்து நின்றான். இங்கேதான் சொல்ல வேண்டும். பொத்தானில் கட்டைவிரலை வைத்தான். அழுத்தவில்லை.

உள்ளே ஏதோ இரும்புத் துண்டு தரையில் விழுந்து துள்ளியது. பிறகு ஒரு சின்ன ஓசை, சீரான இடைவெளியில், மூச்சு வாங்குவதுபோல. யாரோ கைப்பம்பால் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மச்சான், யாரையும் விடாத. உள்ள ஆள் இருக்கு. நான் போய்க் கூட்டிட்டு வரேன்.”

“யாருடா?”

“தெரியல. விடாத.”

“சரி சரி. நீ சொல்ற வரைக்கும் தூக்க மாட்டோம்.” ஓத்தோவின் குரல் தணிந்தது. “மாப்ள, துடைப்பத்தோட மேல ஏறாத.”

துடைப்பம் மேலே ஏறாது. வளைவுகளில் நிற்கும் தன்னார்வலர்கள் துடைப்பத்தைப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். அது திரும்பி ஏறினால் எது முன், எது பின் என்று எல்லாம் குழம்பிவிடும். எல்மாருக்கும் அது தெரியும். அதனால் சைக்கிளை, கட்டிய துடைப்பத்தோடு, வாயிலருகே சுவரில் சாய்த்தான். இறங்கி உள்ளே நடந்தான்.

ஷூவின் அடிப்பாகம் சிமெண்ட்டில் தட்டியது. காற்றடிக்கும் ஓசை நிற்கவில்லை. இந்தத் தூண் என்று நினைத்தால் அடுத்த தூணில் கேட்டது.

“ஹலோ! சாலையத் திறக்கப் போறாங்க. வெளிய வாங்க.”

ஓசை நின்றது.

அப்போது அவன் மார்பில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

“துடைப்பம் தாண்டிருச்சு. பின்னாடி யாரும் இல்ல.”

அது எல்மாரின் குரல்.

அவன் கை பொத்தானில் இல்லை. இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் கைகளைப் பார்த்தான். பிறகு கருவியைப் பார்த்தான்.

“நல்லதுப்பா. ஆள் கெடச்சாச்சா?” ஓத்தோ கேட்டான்.

“ஆள் எங்க இருக்கு? நீ சொன்ன மாடுதான் மச்சான். டயர் மாட்டக் கத்துக்குது.”

ஓத்தோ வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் தழுதழுத்தது. “ஒரு வருஷமா நீ இப்படிப் பேசி நான் கேக்கலடா. வா, சீக்கிரம் வா. கஸ்பர், தூக்கிடு.”

“தூக்காதீங்க!” எல்மார் பொத்தானை அழுத்திக் கத்தினான். “மச்சான், அது நான் இல்ல. நான் உள்ள இருக்கேன். மச்சான்!”

“சூப் இருக்கா, குடிச்சுத் தீத்துட்டியா?” என்றது அவன் குரல்.

“இருக்குடா, இருக்கு.”

இரண்டு தூண்களுக்கிடையே பள்ளத்தை எட்டிப் பார்த்தான். மூடுபனி அங்கே கொஞ்சம் விலகியிருந்தது. கீழ்வளைவில் ஒரு சைக்கிள் நிதானமாக உருண்டது. பின்னால் துடைப்பம் நிமிர்ந்து நின்றது. ஓட்டியவன் மஞ்சள் மழைச்சட்டை போட்டிருந்தான். எல்மார் தன் மஞ்சள் மழைச்சட்டையைத் தொட்டுப் பார்த்தான். அது உடம்பில்தான் இருந்தது. வளைவில் நின்ற பெண் கொடியைச் சுருட்டிக்கொண்டு கையசைத்தாள். மஞ்சள் சட்டைக்காரன் திருப்பிக் கையசைத்தான்.

இப்போது துடைப்பத்துக்குப் பின்னால் இருப்பது அவன்.

மேலே, வெகு தூரத்தில், ஒரு எஞ்சின் உறுமியது. பிறகு பல.

ஓட வேண்டும். கீழ்வாயில் தூரமில்லை. சாம்பல் வெளிச்சம் தெரிந்தது. ஓடினான். ஷூ வழுக்கியது. சுவரைப் பிடித்தான். ஒரு தூண். இன்னொரு தூண்.

“எல்மார்.”

நின்றான்.

தூணின் மறைவில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சக்கரம். குனிந்த தலை. விரல்களில் சங்கிலிக் கறுப்பு. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. வேரேனாதான்.

“எங்கடா போன? இதக் கொஞ்சம் பிடியேன். காத்து நிக்கவே மாட்டேங்குது.”

“எழுந்திரு.” மேல்வாயிலைத் திரும்பிப் பார்த்தான். “வண்டி வருது. வேரேனா, எழுந்திரு.”

“இதோ. முடிஞ்சுது. பிடி.”

அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. பாறை அசையாததுபோல அசையவில்லை. குளிர் அவன் முழங்கைவரை ஏறியது. அவள் பம்பை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள்.

எஞ்சின் ஓசை கூரைக்குள் நுழைந்தது.

விட்டுவிட்டு ஓடலாம். ஆனால் அதற்குள் அவளெதிரே அவன் சாலையில் மண்டியிட்டிருந்தான்.

“யாரும் இல்லன்னு சொல்லிட்டாங்கடா” என்றாள், டயரிலிருந்து கண் எடுக்காமல். “நான் இங்கதான இருந்தேன்.”

அவன் காற்றடித்தான். டயர் தளர்ந்தே கிடந்தது. மேல்வளைவில் மூடுபனி வெளுத்தது, மஞ்சளானது, பாறைச் சுவர் முழுக்கத் துளித்துளியாய் மின்னியது. அந்த வெளிச்சத்தில் அவன் பார்த்தான். வரிசை நெடுகத் தூண்கள் ஒவ்வொன்றின் மறைவிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆண்கள், பெண்கள், மடியில் சக்கரத்தோடு, தலை குனிந்து. ஒருவரும் நிமிரவில்லை. எல்லாக் கைகளும், அவன் கையோடு சேர்ந்து, ஒரே சீராகக் காற்றடித்துக்கொண்டிருந்தன.