அப்பாவின் பெயரில் மூன்று விளக்குகள்

பட்டப்பகலில்தான் அந்தப் பெண் வந்தாள். பழைய விளக்குகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில். எங்கள் வீட்டு விளக்குகள் மூன்றும் கண்காட்சிக்குப் போகவிருந்தன.

மின்சாரம் வந்த புதிதில் செய்தவை. பல்பின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று, வண்ணக் கண்ணாடியை இதழ் இதழாக அறுத்து, ஈயத்தால் பற்றவைத்துக் கவிழ்த்த மூடிகள். ஒவ்வொன்றிலும் எழுநூறு துண்டுகளுக்குக் குறையாது. விளிம்பில் அப்பாவின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தால்தான் நாலு பேர் முன்னால் எங்கள் குடும்பம் தலை நிமிர்ந்து நடந்தது.

"ஐயா, இந்த வயரை எப்போ கழட்டினீங்க?"

"நாப்பது வருஷம் இருக்கும். ஏன்?"

"ஈயம் சுடுது."

வெயில் பட்டிருக்கும் என்றேன். அந்த அறையில் வெயில் விழுவதே இல்லை. எங்கிருந்தோ, ஈயம் பற்றவைக்கும்போது வருமே, அந்தப் பிசின் கருகும் வாடை வந்தது.

அவள் மூடியின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஈயம் இளகி இருந்தப்போ பதிஞ்ச ரேகை. பற்றவெச்ச மூட்டு ஒண்ணு விடாம இருக்கு. ரொம்பச் சின்ன விரல். உங்கப்பா குள்ளமா?"

"ஆறடி."

"அப்போ இது யாரோட கை?"

எனக்குத் தெரியும். அப்பாவின் அக்கா. மாடியில் உட்கார்ந்து கண்ணாடி அறுத்தவள் அவள்தான். தன் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டாள். அன்று தாத்தா மாடிக் கதவைப் பூட்டினார். அத்தை உயிரோடு கீழே இறங்கவில்லை. கேட்டவர்களிடம் காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். நானும் அதையே சொல்லி வந்திருக்கிறேன்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க தொழில் பண்ணினது இல்லம்மா. கண்காட்சி அட்டையில அப்பா பேரை எழுது."

அவள் பேனாவைத் திறந்தாள்.

க்ரீச்.

வைரமுனையால் கண்ணாடியைக் கீறும் ஓசை. என் வலது காதருகே.

"ஐயா... உங்க மூக்குக்கண்ணாடி..."

கழற்றினேன். வலது வில்லையிலிருந்து இதழ் வடிவத்தில் ஒரு துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

அவள் பேனாவை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே எழுதிக்கங்க."

எழுதினேன். அப்பா பெயரைத்தான்.

புதுக் கண்ணாடி மூன்று நாள் தாங்கியது. அடுத்தது ஒரே நாள். "இதை வெச்சுக் காய்கறி நறுக்குறீங்களா பெரியவரே?" என்று கடைக்காரர் சிரித்தார். அத்தோடு கண்ணாடி போடுவதை விட்டேன்.

ஓசை விடவில்லை. உட்கார்ந்தால் வந்தது. எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தால் கூடவே நடந்தது.

நேற்று கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"எதுல கீறிக்கிட்டீங்க? வலது விழியில ஒரு கோடு. யாரோ அளந்து போட்ட மாதிரி வளைஞ்சு போகுது. ரெண்டு முனையும் இன்னும் சேரலை."

அங்கிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "செஞ்சது என் அத்தை. அட்டையை மாத்திடு." ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்த மானத்தை ஒரே மூச்சில் விட்டுக்கொடுத்தேன். பூட்டிய கதவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மாற்றியாயிற்று என்று இன்று காலை சொன்னாள். வலப்பக்கம் ஓசை நின்றுவிட்டது.

இடப்பக்கம் தொடங்கியிருக்கிறது.