கெர்டா அம்மாவின் பிடிமண்

சித்திரை மாத வெயிலில் நெய்வேலிக்கு வந்து குடித்தனம் வைக்கிறவள் ஒன்று பைத்தியக்காரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பெண்டாட்டியாக இருக்க வேண்டும். வீரம்மாள் இரண்டாவது ரகம். பக்கத்திலுள்ள வடக்குத்து கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில் பாய், அண்டா, அம்மி, காலைக் கட்டிப்போட்ட இரண்டு கோழிகள் சகிதம் வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கினாள். மாமியார் கூட வரவில்லையா என்று பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் விசாரித்தாள்.

"மாமியார் இல்லாத வூடுன்னுதாங்க கட்டிக்கினேன்," என்றாள் வீரம்மாள்.

சொன்ன நேரம் நல்ல நேரமில்லை போலிருக்கிறது.

புருஷன் தங்கராசு அவளுக்குச் சொந்த அத்தை மகன். அத்தை செத்துப் பல வருஷம். இரண்டு பேரும் பிறந்த கூலிக்காரத் தெரு இப்போது சுரங்கத்தின் வயிற்றுக்குள் போய்விட்டது. தெருவைக் காலி செய்த அன்று வீரனார் கோயிலில் பிடிமண் எடுத்தவர் வீரம்மாளின் அப்பா சாமிக்கண்ணு. ஒரு கைப்பிடி மண்ணை அள்ளித் துணியில் முடிந்து, "எங்ககூட வந்துடு" என்று சாமியை மூன்று தரம் கூப்பிட்டு, தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தார். வடக்குத்துப் பக்கம் புது இடத்தில் அதை இறக்கி வைத்துச் செங்கல் நட்ட பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடித்தார். தங்கராசு பக்கத்திலேயே நின்று பார்த்தவன். பிறகு படித்தான், படித்த படிப்புக்கு உதவித்தொகை கிடைத்து, சுரங்கத்துக்கு மேல்படிப்பு என்று ஜெர்மனிக்குக் கப்பலேறினான். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தவனுக்குச் சுரங்கத்தில் வேலை, பங்குனியில் கல்யாணம், இதோ குவார்ட்டர்ஸ்.

அவனுக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து பழையதைக் குடித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம் முழுக்கத் தூங்குவான். அந்த உச்சி வேளையில் ஒருநாள் வீரம்மாள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஊரே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. காக்கா கூடக் கத்தவில்லை.

உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

டொக்... டொக்...

கைத்தடி ஊன்றி நடக்கிற சத்தம். யாரோ வாசல் வழியாக வந்துவிட்டார்கள் என்று ஈரக் கையோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. அறைக்குள் கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. வெளியே நெருப்பு கொட்டுகிறது, உள்ளே மார்கழி. ஏதோ கரி எரிகிற வாடை. நெய்வேலியில் கரி வாடை இல்லாத வீடு ஏது என்று அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டில் ஓரத்தில் வைத்திருந்த சொம்பை எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர் மேல் ஐஸ் கட்டியிருந்தது.

தங்கராசின் பாதத்தைத் தொட்டாள். அதுவும் அப்படியே இருந்தது. பாதத்துக்கு அடியில், கட்டம் போட்ட துணியில் சுற்றி, யாரோ ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள். கையில் எடுத்தாள், விரல் மரத்துப்போனது. "எந்த நாயோட வேலடா இது" என்று கொல்லையில் வீசியெறிந்துவிட்டு வந்தாள். சற்று நேரத்தில் போய்ப் பார்த்தால் கல்லும் இல்லை, துணியும் இல்லை.

மறுநாள் உச்சியில் கல் மறுபடியும் அவன் காலடியில் இருந்தது.

குளிர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. அடுத்தடுத்த நாட்களில் முழங்காலுக்கு ஏறியது. டாக்டர் வந்து பார்த்து மாத்திரை கொடுத்தார், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ஒத்தடத் துணி அவன் காலில் பட்ட மாத்திரத்தில் விறைத்துக்கொண்டது. தங்கராசு ஷிப்டுக்குப் போக முடியாமல் படுத்த படுக்கையானான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். குளிர் இடுப்புக்கு வந்த அன்று வீரம்மாள் பொறுக்கவில்லை. தாலி கட்டி இரண்டு மாசம் ஆகவில்லை, அதற்குள் இவனைத் தூக்கிக் கொடுக்க அவள் என்ன இளிச்சவாயா?

"யாரு மாமா அந்தக் கெழவி?" என்று கேட்டாள். கெழவி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தடி ஊன்றுகிற சத்தத்திலேயே தெரிந்தது.

தங்கராசின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவன் சொன்ன கதை இது. ஜெர்மனியில் போய் இறங்கிய அன்று ஒரே மழை. கையில் பெட்டியோடு தெருத் தெருவாக அறை கேட்டு அலைந்தான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாத்தின கதவுதான் அதிகம். கடைசியில் ஒரு சின்ன ஊரில் கெர்டா என்ற கிழவி கதவைத் திறந்தாள். தடி ஊன்றி நடப்பவள், ஒண்டிக்கட்டை. மாடியறையைக் கொடுத்தாள். தன் மேசையிலேயே பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். சொந்த ஊர் டீக்கடையில் தனி டம்ளரில் குடித்து வளர்ந்தவனுக்கு அந்த முதல் நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பனிக்காலம் வந்ததும், செங்கல்லை அடுப்பில் சுட வைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த ஊருக்கு அடியிலும் பழுப்புக் கரிதான். கூலிக்காரத் தெருவைத் தோண்டித் தின்ற அதே ராட்சச மெஷின் அங்கேயும் வந்துகொண்டிருந்தது. அந்த மெஷினைப் பற்றிப் படிக்கத்தான் அவன் போயிருந்தான். பகலில் வகுப்பில் அதன் பல்லையும் சக்கரத்தையும் வரைவான், சாயங்காலம் அது தின்னப்போகிற வீட்டில் வந்து சாப்பிடுவான். கிழவியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு புது ஊரில் அடுக்குமாடியில் வைத்தார்கள். அந்த மாசமே செத்துப்போனாள்.

வீட்டை இடிக்குமுன் அவன் ஒரு தரம் போய் வந்தான். கொல்லையில் அவள் வைத்த பேரிக்காய் மரத்தடியில் நின்றான். என்ன நினைத்தானோ, குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினான்.

"எங்கூட வந்துடும்மானு மூணு தரம் கூப்ட்டேன், வீரம்மா. ஒங்கப்பா கூப்ட்ட மாதிரியே."

"எங்க வெச்சிருக்க?"

அலமாரி உச்சியில் இருந்த பிஸ்கட் டின்னைக் காட்டினான்.

இறக்கி வைக்காத பிடிமண். அதற்கு இடம் கிடைக்கிற வரையில் எடுத்தவன் உடம்புதான் வீடு என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கப்பலில் கொண்டுவந்து அலமாரியில் வைத்தவனுக்கு, வெள்ளைக்காரக் கிழவியின் மண்ணுக்குப் படையல் போட்டால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்களே என்று வெட்கம்.

"வெக்கத்துக்குப் பயந்து உசுரக் குடுக்கிறியா? நல்லா இருக்குது ஒன் நியாயம்," என்றாள் வீரம்மாள்.

வருகிறவளை நேரில் நாலு கேட்டுவிட்டுத்தான் மண்ணை இறக்குவது என்று, மறுநாள் உச்சிக்கு முன்னாலேயே கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுக் கட்டில் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையில் விளக்குமாறு. குளிர் தங்கராசின் விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. பேச்சுக் குழறியது.

வெயில் உச்சிக்கு ஏறியது.

டொக்.

வாசல் பக்கம்.

டொக்... டொக்...

கூடத்தில்.

கரிப்புகை மூக்கில் ஏறியது. அவள் விட்ட மூச்சு வெள்ளையாகப் புகைந்து போனதை அவளே பார்த்தாள். பற்கள் தந்தியடித்தன. சத்தம் அவளைத் தாண்டிப் போய் நின்றது. கட்டிலின் கால்மாட்டில் போர்வை மெதுவாக அமுங்கியது, யாரோ உட்கார்ந்த மாதிரி. போர்வைக்குள் எதுவோ நகர்ந்து அவன் பாதத்துக்குப் போயிற்று. தங்கராசு முனகினான்.

வீரம்மாளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்தப் பயத்தையும் மீறிக்கொண்டு வந்தது கோபம்.

"ஏ கெழவி," என்றாள். "தமிழ் தெரியாதுன்னு நடிக்காத. ஒன்னக் கூப்ட்டது தமிழ்லதான், கப்பலேறி வந்துட்டல்ல?"

போர்வை அசையவில்லை.

"ஒன் வூட்ட மெஷின் தின்னுடுச்சி. என் வூட்டயுந்தான் தின்னுடுச்சி. நான் எவன் படுக்கையில போயி ஏறி ஒக்காந்தேன்? புள்ளைக்குக் குளிருதுன்னு கல்லக் கொண்டாந்து வெக்கிற. அடுப்பே இல்லாதவ எங்க போயி கல்லச் சுடுவ? ஒன் பாசம் அவனக் கொல்லுது, தெரியிதா?"

கட்டில் சட்டம் கிறீச்சிட்டது. பிறகு, எங்கிருந்தோ, ஒரு கிழட்டுத் தேம்பல். தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி.

வீரம்மாள் எழுந்து டின்னை எடுத்தாள். தகரம் கையைப் பிடித்துக்கொண்டது, தோல் உரிந்தது. விடவில்லை. எடுத்தவன்தான் இறக்க வேண்டும் என்பதால் தங்கராசை முதுகில் சாத்தித் தூக்கினாள். உப்பு மூட்டை தூக்குகிற மாதிரி சின்ன வயசில் அவன்தான் அவளைத் தூக்குவான். கொல்லை முருங்கை மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, கையாலேயே மண்ணைப் பறித்தாள்.

டின்னை அவன் கையில் கொடுத்தாள். அவன் இறக்கவில்லை.

"எறக்கு மாமா."

"ஒரு மேசையில ஒக்கார வெச்சவ, வீரம்மா," என்றான். உதடு நீலம் பாரித்துவிட்டது. "மண்ணுக்குள்ள எப்படித் தள்ளுவேன்?"

அவள் திரும்பினாள். கொல்லைப் படியில் யாருமில்லை. ஆனால் படியோரம் சருகெல்லாம் வெள்ளை பூத்துக்கொண்டு வந்தது. யாருமில்லாத இடத்தைப் பார்த்து, கிழவியை மாமியார் முறை வைத்தே கூப்பிட்டுப் பேசினாள்.

"அத்த, கேட்டுக்க. இந்த நெலம் என்னுதில்ல, குவார்ட்டர்ஸ். ஆனா இந்தக் குழியில இருந்து ஒன்ன எவன் பேத்தெடுக்க வந்தாலும் முன்னாடி நான் நிப்பேன். வீரனார் மேல சத்தியம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சோறும் வெப்பேன். என் புருசன மட்டும் வுட்ரணும்."

தங்கராசு கேவிக் கேவி அழுதான். "எறங்கிக்கம்மா," என்றான். டின் கவிழ்ந்தது. கறுப்பு மண் செம்மண்ணில் விழுந்தது.

முருங்கைப்பூ அத்தனையும் ஒரே உதறலில் கொட்டியது.

அப்புறம் வெயில் சுள்ளென்று முதுகில் உறைத்தது. தங்கராசுக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது. புருஷன் வியர்வையைப் பார்த்து ஒரு பெண் அப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாளா, தெரியாது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

வருஷம் திரும்பியது. தங்கராசு ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைச் சோறு தவறவில்லை. அடுத்த சித்திரையில், கொல்லைப் பக்கமாகக் குழாய் புதைக்க மேஸ்திரி ராயப்பன் ஆட்களோடு வந்து, முருங்கை மரத்தடியில் கோடு போட்டார். இங்கே தோண்டக் கூடாது என்றாள் வீரம்மாள். உத்தரவும்மா, நான் என்ன செய்ய, என்றார் அவர். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கே போய் நிற்பதற்குள் ஓர் ஆள் கடப்பாரையை ஓங்கிக் குத்திவிட்டான்.

குத்தியவன் அலறிக்கொண்டு கையை உதறினான். உள்ளங்கைத் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கடப்பாரை நட்டபடி நின்றது, அடியிலிருந்து நுனி வரைக்கும் வெள்ளையாக உறைபனி. உச்சி வெயிலில் அது புகைந்தது.

டொக், என்றது தரை.

ராயப்பன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, கோட்டை ரோட்டோரமாகத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தார். போகும்போது கடப்பாரையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் நிப்பேன்னுதான சொன்னேன், அதுக்குள்ள ஒனக்கென்ன அவசரம்?" என்று மரத்தடியைப் பார்த்து ஏசிவிட்டு வீரம்மாள் வீட்டுக்குத் திரும்பினாள்.

கொல்லைப் படியில், நிழலில், கட்டம் போட்ட துணியில் சுற்றிய செங்கல் இருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு குனிந்து தொட்டாள்.

இந்தத் தரம் கல் சுட்டது.

"சித்திர மாசத்துல எவளுக்கு வேணுமாம் சூட்டுக்கல்லு," என்று திட்டிக்கொண்டே அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.